மெஷினை நிறுத்து

சமையல்கட்டில் காபி போட ஒரு பிளக்பாயிண்டுகூட மிச்சமில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ரெண்டிலும் புல்வெட்டி மெஷின் பேட்டரி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பேட்டரி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நீட்டிவிட்ட வயரில் வரிசையாகப் பேட்டரி. பச்சை விளக்கு எரிந்தால் சார்ஜ் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று மட்டும் விடிந்த பிறகும் சிவப்பாகவே முழித்துக்கொண்டிருந்தது. தோமாசா அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காபி மெஷினைச் செருகினாள். ராத்திரி பூரா கரண்டைக் குடித்தும் அதற்கு வயிறு நிறையவில்லை என்பதற்காகக் காபியை விடமுடியுமா?

கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. வானிலை சொல்கிற பெண் பக்கோய்மா பேட்டை முழுக்கக் கேட்கிற மாதிரி வெயிலைச் சொன்னாள். உள்ளறையிலிருந்து மகள் யெசேனியா கத்தினாள். "அம்மா! அப்பாவை டிவியக் குறைக்கச் சொல்லு! நைட் டூட்டி பாத்துட்டு வந்து இப்பத்தான் படுத்தேன்."

"ஒங்கப்பன்கிட்டச் சொல்றதும் சுவத்துல போய் முட்டிக்கிறதும் ஒண்ணுதான்" என்று தோமாசா போய் அணைத்தாள். அவன் வாசலில் இருந்தான். கேட்கிறவன் இல்லாமலேயே டிவி அவ்வளவு நேரம் கத்தியிருக்கிறது.

கோதுமைத் தொர்த்தியா ரொட்டியைக் கல்லில் போட்டு எடுத்து, நசுக்கிய பீன்ஸும் சுட்ட மிளகாயும் வைத்துச் சுருட்டி, ஈயத்தாளில் மடித்தாள். மத்தியானத்துக்கு இதுதான். போன மாசம் வரைக்கும் இந்தப் பொட்டலங்களைப் புல்வெட்டி எஞ்சினின் சைலன்ஸர் மேல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கும். பேட்டரி மெஷினில் அந்தச் சுகம் கிடையாது. விலை கொடுத்து வாங்கின மெஷின் ஒரு வாய்ச் சோற்றைச் சூடாக்கித் தராது.

வாசலில் அவள் புருஷன் நிக்கானோர் பிக்கப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். புதுப் புல்வெட்டி, புது வேலிவெட்டி, முதுகில் மாட்டி இலையை ஊதித் தள்ளுகிற புது புளோயர். அதற்கெல்லாம் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு பொதி.

"யோவ், அந்தத் தார்ப்பாய்க்குள்ள என்ன?"

அவன் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஒன்னத்தான்யா."

அவன் அடுத்த முடிச்சுக்குப் போனான். தோமாசா சுற்றிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேரே நின்று தார்ப்பாயைத் தூக்கினாள். பழைய பெட்ரோல் புளோயர். ஆரஞ்சு நிறமெல்லாம் போய், வாரைக் கம்பியால் கட்டி, எண்ணெய் வாடை அடித்துக்கொண்டு கிடந்தது.

"இந்தச் சனியனை எதுக்குய்யா மறுபடி ஏத்துற?"

"அவசரத்துக்குக் கெடக்கட்டும்."

"என்ன அவசரம்? பெட்ரோல் மெஷின் கூடாதுன்னு நகராட்சியில இருந்து ஒரு தடவை சொல்லியாச்சு. இன்னொரு தடவை இது சத்தம் போட்டா அந்தத் தெருவுக்குள்ளயே விட மாட்டோம்னு வீட்டுக்காரவுக சங்கத்துல சொல்லிட்டாக. நீயும் கேட்டேல்ல?"

"புதுசுக்கு ஊதத் தெம்பு இல்ல புள்ள. ஈர எலையை அதை வச்சு நகட்ட முடியாது."

"ஈர எலையா? மழை பேஞ்சு எம்புட்டு நாளாச்சு? எங்கய்யா கெடக்கு ஈர எலை?"

அவன் அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறிவிட்டான். அவனுக்கு வேண்டாத பேச்சு வந்தால் இப்படித்தான். காரியச் செவிடன் என்று தோமாசா அவனுக்குப் பேர் வைத்து வருஷக்கணக்காகிறது.

அந்த மலையடிவாரத் தெருதான் அவர்களுக்குச் சோறு. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் எல்லா வீட்டுப் புல்லும் நிக்கானோர் கையில். தெரு போனால் அடுப்பில் பூனைதான் படுக்கும். அது தெரிந்தும் அந்தப் பழைய மெஷினை அவன் விடமாட்டேன் என்கிறான். கடையில் பழசைக் கொடுத்தால் புதுசில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். புல்வெட்டியைக் கொடுத்தான், வேலிவெட்டியைக் கொடுத்தான். இதை மட்டும் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டான். என்ன வீம்பு இது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

வீம்பு என்றால் அவளிடமும் ஒன்று இருந்தது. அது மெஷினைப் பற்றியது இல்லை.

அவளுடைய அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், சொந்த ஊரான ஹெரேஸில் செத்துப்போனாள். தங்கச்சி போன் பண்ணி, "அக்கா, அம்மா தேறாது, வர்றியா?" என்று அழுதபோது தோமாசா இதே மலையடிவாரத் தெருவில் புல் வாரிக்கொண்டிருந்தாள். வாரியைப் போட்டுவிட்டுப் புல்வெளியில் ஓடினாள். நிக்கானோர் முதுகில் புளோயரோடு நின்றான். "அம்மா சாகக் கெடக்கு. நான் போகவா? போனா திரும்பி வர முடியுமான்னு தெரியலை. நீ சொல்லுய்யா" என்று கேட்டாள். ரெண்டு பேரிடமும் இந்த நாட்டில் இருக்கக் காகிதம் கிடையாது. போனால் மறுபடி உயிரைப் பணயம் வைத்துத்தான் எல்லையைத் தாண்டவேண்டும். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து ரெண்டு தரம் வெளியே வீசினான். அதை விடு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பு.

அவள் வாரியை எடுத்து வண்டியில் போட்டாள். அடுத்த வீட்டுப் புல்லையும் வெட்டினாள். அந்த வாரம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். சேதி வந்த அன்றைக்கு இதே மனுஷன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படித் திடீர்னு?" என்று கேட்டான். நடிக்கிறான் என்று நினைத்து எழுந்து போனவள்தான். அதற்குப் பிறகு வேலைப் பேச்சு, வீட்டுச் சாமான் பேச்சு, மகள் பேச்சு. வேறு பேச்சு அவர்களுக்குள் வளரவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஒரே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். வருஷம் ஆறு ஓடிவிட்டது.

வீட்டுத் தெருமுனையில், கூட வேலை பார்க்கிற காசிமீரோ காத்துக்கொண்டு நின்றான். யெசேனியாவை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திய ஞானத்தகப்பன் அவன். அந்த முறையில் நிக்கானோரும் அவனும் ஒருத்தருக்கொருத்தர் கொம்பாத்ரே, தோமாசா அவனுக்குக் கொமாத்ரே. வாய் ஓயாத ஆள்.

"கொமாத்ரே, இந்தப் பேட்டரி வந்ததுலேருந்து எங்க வீட்டுக்காரி சந்தோசமா இருக்கா. சட்டையில பெட்ரோல் நாத்தம் இல்லையாம்."

"அப்ப இனிமே ஒன் நாத்தம் மட்டும்தான்னு சொல்லு."

"அதைத்தான் அவளும் சொன்னா" என்று சொல்லிக்கொண்டே வழக்கம்போல நிக்கானோருக்கு இடது பக்கம் வந்தான். அங்கே டிரைவர் கதவுதான், இந்த ஊர் வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம். சுற்றிப் போய் வலப்பக்க ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

தெருவில் வேலை தொடங்கினார்கள். முன்னாலெல்லாம் எஞ்சின் போட்ட நிமிஷம் வாய்க்கு வேலை முடிந்தது, கைதான் பேசும். வயிற்றைத் தடவினால் சாப்பாட்டு நேரம். தலைமேல் முஷ்டியை வைத்தால் வீட்டுக்காரர் வருகிறார். தொண்டைக்குக் குறுக்கே விரலை இழுத்தால் மெஷினை நிறுத்து. உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால் இங்கே முடிந்தது, அடுத்த வீட்டுக்குக் கிளம்பு. இந்தப் பக்கத்தில் புல் வெட்டுகிற எல்லாருக்கும் இந்தப் பாஷை தெரியும். தினம் ஒன்பது மணி நேரம் இதிலேயே பேசியவர்கள் அவர்கள்.

இப்போது கைக்கு ஓய்வு. பேட்டரி மெஷின் தேனீக்கூட்டம் மாதிரி முனகியது, அவ்வளவுதான். தெருவில் இத்தனை குருவி இருக்கிறது என்று இந்த மாசம்தான் தோமாசாவுக்குத் தெரியும். காசிமீரோ பாட்டுப் பாடிக்கொண்டே வேலி வெட்டினான். வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். இருபது வருஷமாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர்களெல்லாம் இப்போது ரோஜாவுக்கு என்ன உரம், எலுமிச்சை ஏன் காய்க்கவில்லை என்று கேட்டார்கள்.

நிக்கானோர் மட்டும் நாளுக்கு நாள் முகம் இறுகிக்கொண்டு வந்தான். யாராவது வாசல் கதவைத் திறந்தால் வீட்டின் மறுபக்கம் போய்விடுவான். குனிந்தே வேலை செய்வான். யாராவது கிட்டே வந்து பேசிவிட்டால் சிரிப்பான், தலையாட்டுவான், "ஓகே, ஓகே" என்பான்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆட்டினான்.

சிரானூஷ் அம்மாள் தெருவின் நடுவீட்டுக்காரி. ஆர்மேனியாக்காரி, புருஷனை இழந்தவள், எழுபதைத் தாண்டிய உருண்டையான உடம்பு. பக்கத்து வேலி முழுக்கத் திராட்சைக் கொடி விட்டிருந்தாள். பழத்துக்கு இல்லை, இலைக்கு. வசந்தம் முடிகிற நேரத்தில் இளசாகப் பறித்து உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் வருஷம் பூரா அதில் இறைச்சியும் அரிசியும் சுருட்டி வேகவைப்பாள். ஈஸ்டருக்கு ஒரு தட்டு இவர்களுக்கும் வரும். தங்கள் ஊரில் சோளமாவை மடலில் சுருட்டி அவிக்கிற தமாலேயை நினைத்து, காசிமீரோ அதை ஆர்மேனியத் தமாலே என்பான்.

காலையில் அவள் ஸ்லிப்பரோடு வந்து நிக்கானோர் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ சொன்னாள். அவன் திரும்பி அவளைப் பார்த்ததும் தலையாட்டினான். அவள் கொடியைக் காட்டி மறுபடி சொன்னாள். அவன் சிரித்து, "ஓகே, ஓகே" என்றான். அவள் நிம்மதியாக உள்ளே போனாள். தோமாசா புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டே இதைப் பார்த்தாள்.

அவள் பின்பக்கத்துப் புல்லை முடித்துவிட்டு வந்தபோது வேலி மொட்டையாக நின்றது. நிக்கானோர் கொடியை ஒட்ட நறுக்கிவிட்டிருந்தான். இளங்கொடியெல்லாம் தரையில் குவிந்து கிடந்தது. அவன் வேலை சுத்தம். வெட்டினால் ஓரம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

"ஐயய்யோ, என்னய்யா காரியம் பண்ணிட்ட!"

அதற்குள் சிரானூஷ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். மாவுக் கையோடு ஓடி வந்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம், ஸ்பானிஷ் அதைவிடக் கொஞ்சம். கோபத்தில் ரெண்டும் கலந்து வந்தது.

"நான் சொன்னேன்! நாளைக்கு இலை பறிக்க! நாளைக்கு! இன்னைக்கு வெட்டாதேன்னு சொன்னேன்! நீ ஓகேன்னு சொன்னே! ரெண்டு தடவை ஓகே! என் வருஷத்து இலை! முழு வருஷம்!"

நிக்கானோர் அவள் வாயையே பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. தலையாட்டினான். இந்த நேரத்தில் தலையாட்டினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அவள் இன்னும் கத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. காசிமீரோ வேலிவெட்டியை வைத்துவிட்டு ஓடிவந்தான்.

அப்போது நிக்கானோர் ஒரு வேலை செய்தான். விறுவிறுவென்று வண்டிக்குப் போனான். தார்ப்பாயைத் தூக்கிப் பழைய புளோயரை எடுத்து முதுகில் மாட்டினான், கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் அது அலறிக்கொண்டு எழும்பியது. நீலப் புகை தெருவில் பரவியது. அவன் முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, பார்க்கத் தூசிகூட இல்லாத சிமெண்டுப் பாதையை ஊத ஆரம்பித்தான். சிரானூஷ் கத்திக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் வாய் மட்டும் அசைந்தது. எதிர்வீட்டுக்காரர் ஏதோ கேட்டார், அவருக்கும் வாய் மட்டும் அசைந்தது. நிக்கானோர் தோள் தளர்ந்து, மூச்சு விட்டுக்கொண்டு, அமைதியாக ஊதினான்.

"பைத்தியம் புடிச்சிருச்சா இந்த மனுசனுக்கு! தெருவே போகப்போகுதுடா சாமி!" என்று தோமாசா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கத்தலை முதலில் நிறுத்தியது சிரானூஷ்தான். இடுப்பில் கையை வைத்து அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு நேரே போய் அவன் கையைப் பிடித்து விசையை அமுக்கினாள். எஞ்சின் செத்தது. அவனைத் தோளைப் பிடித்து வேலியைப் பார்க்கத் திருப்பினாள். அவன் முதுகுக்குப் பின்னால் வலப்பக்கமாக நின்று, மாவுக் கையிரண்டையும் பலமாகத் தட்டினாள்.

எதிர்வீட்டு நாய் குரைத்தது. நிக்கானோர் அசையவில்லை.

"என் புருஷன்" என்றாள் சிரானூஷ், தோமாசாவைப் பார்த்து. "மில். துணி மில். தறி டக் டக் டக், முப்பது வருஷம். இதே மாதிரி. சிரிப்பு, தலை ஆட்டு, சிரிப்பு, தலை ஆட்டு. இவனுக்குக் காது இல்லை. நீ பெண்டாட்டி. உனக்குத் தெரியாதா?"

தோமாசா காசிமீரோவைப் பார்த்தாள். வாய் ஓயாத அந்த ஆள் தரையைப் பார்த்தான்.

"ஒனக்குத் தெரியுமா?"

"வலது காது சுத்தமா இல்ல கொமாத்ரே. இடதுல கத்துனா கொஞ்சம் விழும். அதான் நான் எப்பவும் அவருக்கு எடது பக்கமாவே நிப்பேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரு."

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. கூடப் படுக்கிறவளுக்கு மட்டும் தெரியலை. நல்லா இருக்குடா ஒங்க சத்தியம்."

நிக்கானோர் திரும்பினான். மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. புளோயரைக் கழற்றித் தரையில் வைத்தான்.

அழுதுகொண்டு நின்றால் இலை வாடிப்போகும். சிரானூஷ்தான் அதையும் சொன்னாள். வெட்டின கொடியில் இளசு இன்னும் உயிரோடுதான் இருந்தது. படிக்கட்டு நிழலில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். நுனியிலிருந்து மூணாவது நாலாவது இலை, உள்ளங்கை அகலம், ஓட்டை இருக்கக்கூடாது, காம்பைக் கிள்ளிவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நூலால் கட்டவேண்டும். சிரானூஷ் ஒரு தடவை காட்டினாள். நிக்கானோர் பார்த்த உடனே பிடித்துக்கொண்டான். பார்த்தே பிழைக்கப் பழகினவன் இல்லையா? காசிமீரோவின் அடுக்கை மட்டும் அவள் பிரித்துப் பிரித்துத் திரும்பக் கொடுத்தாள்.

"இது மாட்டுக்கு" என்றாள் அவன் பறித்த முற்றின இலையைத் தூக்கிப் போட்டு.

"எனக்கு மீசை வச்ச மாமியார் வாச்சிருச்சு" என்றான் காசிமீரோ.

தோமாசாவின் கை இலையை அடுக்கிக்கொண்டிருந்தது. மனசு எங்கெங்கோ போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்தது. அலறுகிற டிவி. வண்டியில் பேசினால் ரோட்டையே பார்க்கிற முகம். பூசையில் சாமியார் சொல்வதற்கு ஒரு நொடி பிந்தி எழுந்து நிற்கிறவன். வீம்பு வீம்பு என்று திட்டினாளே, அத்தனையும். கடைசியாக, அவன் கையை வீசின அந்த நாள் வந்தது. கை நின்றுவிட்டது.

இலை வருஷத்துக்குக் காணாது, ஆனால் பாதிக்குமேல் தேறியது. கொடி மறுபடி துளிர்க்கும், அடுத்த தரம் என்னைக் கேட்காமல் தொட்டால் கையை வெட்டுவேன் என்று சிரானூஷ் நிக்கானோரின் முகத்துக்கு நேரே, மெதுவாக, விரலால் கையை அறுத்துக்காட்டிச் சொன்னாள். அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எதிர்வீட்டுக்காரரிடம் அவளே போய்ப் பேசினாள். அந்தச் சத்தம் என் வீட்டில், எனக்கு ஆட்சேபணை இல்லை, உனக்கு என்ன என்று ஒரு போடு போட்டாள். மனுஷன் உள்ளே போய்விட்டார்.

காசிமீரோ சாப்பாட்டுப் பொட்டலங்களை எடுத்தான். பழைய புளோயரைத் தொட்டுப் பார்த்தான். வெயிலில் கிடந்த சைலன்ஸர் இன்னும் தகித்தது. அதன்மேல் மூன்றையும் வரிசையாக வைத்தான்.

"கடைசியா ஒரு புண்ணியம் செஞ்சுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, தன்னுடையது சூடானதும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவனுக்கு அவ்வளவு விவரம் உண்டு.

வண்டியின் பின்பலகையில் நிக்கானோரும் தோமாசாவும் உட்கார்ந்தார்கள். அவள் அவனுக்கு இடது பக்கம் போய், முகம் பார்க்கிற மாதிரித் திரும்பி உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்து?"

"தெரியலை புள்ள. கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. பத்து வருசம் இருக்கும்."

"ஏன்யா சொல்லலை?"

அவன் பொட்டலத்தைப் பிரிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தான். "சொன்னா? செவிட்டுப் பயகிட்ட யாரு தோட்டத்தைக் குடுப்பா? வண்டிய ஓட்டாதம்பீக. நீயும் கொம்பாத்ரேயும் வேலை பாப்பீக, நான் வீட்டுல ஒக்காந்து டிவி பாக்கணும். எஞ்சின் ஓடுற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. அந்தச் சத்தத்துல எல்லாருமே செவிடுதானே. நான் மட்டும் இல்லையே. இந்தப் பேட்டரி வந்துதான் என்னையத் தனியா நிறுத்திருச்சு."

ஈர இலை என்று அவன் சொன்னது வெறும் சாக்கு என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அதற்காகக் காலையில் தான் பேசின பேச்சும் நினைவு வந்தது. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று கேட்கவேண்டியிருந்தது.

"நான் ஒண்ணு கேக்குறேன். என் வாயப் பாரு. நல்லாப் பாரு."

பார்த்தான்.

"ஆறு வருசம் முன்னாடி, மேல்வீட்டுப் புல்லுல. நீ புளோயர் போட்டிருந்த. நான் போனைக் கையில வச்சுக்கிட்டு ஓடியாந்தேன். நான் என்ன சொன்னேன்?"

அவன் யோசித்தான். "மாதுளை மரம் இருந்த வீடா? நீ அழுத மாதிரி இருந்துச்சு. இல்ல, வேர்வைன்னு நெனச்சேன். வெயிலு. முடிஞ்சிருச்சா, கெளம்பலாமான்னு கேக்குறன்னு நெனச்சேன்."

"நெனச்சு?"

அவன் கை தானாக எழுந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து ரெண்டு தரம் வீசியது.

தோமாசாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் பயந்துபோனான். "என்ன புள்ள? என்ன சொன்ன அன்னிக்கு? என்ன புள்ள?"

அவள் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, அவன் கண்ணுக்கு நேரே வாயை வைத்துச் சொன்னாள். அம்மா சாகக் கெடக்கு. நான் போகவா? நீ சொல்லுய்யா.

நிக்கானோர் பொட்டலத்தைக் கீழே வைத்தான். ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு கையை விலக்கினான்.

"அதான் என்கூடப் பேசாம இருந்தியா?"

"ஆமா."

"ஆறு வருசமா?"

"ஆமாய்யா. எப்படித் திடீர்னுன்னு நீ கேட்டப்ப, ஒன்னையக் கொன்னுபோடலாம் போல இருந்துச்சு."

சைலன்ஸர் மேல் கிடந்த அவள் பொட்டலத்திலிருந்து சூடேறின பீன்ஸ் வாடை வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பொய் சொல்ல மாட்டேன் புள்ள" என்றான். அவன் குரல் வழக்கம்போலக் கொஞ்சம் சத்தமாகவே இருந்தது. மரத்தடியில் காசிமீரோவின் முதுகு விறைத்தது. "கேட்டிருந்தாலும் போகாதன்னுதான் சொல்லியிருப்பேன். யெசேனியா அப்பச் சின்னப் புள்ள. எல்லையில ஒன்னைய விட்டுட்டு எனக்கு இருக்க முடியாது. போகாதன்னு கால்ல விழுந்திருப்பேன்."

அவள் அவனையே பார்த்தாள். போ என்று சொல்லியிருப்பேன் என்று அவன் சொல்லிவிடுவானோ என்று இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த ஆறு வருஷத்தையும் அவளால் தாங்கியிருக்க முடியாது.

"ஆனா ஒண்ணு" என்றான். "அடுத்த வீட்டுப் புல்லை ஒன்னைய வெட்ட விட்டிருக்க மாட்டேன். சத்தியமா விட்டிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு இறங்கினான். தெருவில் அடுத்த வீடு பாக்கி இருந்தது. காசிமீரோ அதைப் பார்த்து எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, புல்வெட்டியை இறக்கி ஓட்டத் தொடங்கிவிட்டான். வீட்டுக்காரர் நீளமான மனுஷர், வாசலில் நின்று ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். நிக்கானோர் வழக்கம்போல மறுபக்கம் போகவில்லை. நேரே அவரிடம் போனான். தன் காதைத் தொட்டுக்காட்டி, தலையை ரெண்டு பக்கமும் ஆட்டினான். இல்லை என்று ஆட்டினான். அவர் ஏதோ கேட்டார். இவன் பலகையில் உட்கார்ந்திருந்த தோமாசாவைக் காட்டினான், நாளைக்கு என்று கையால் சொன்னான்.

பிறகு காசிமீரோவைப் பார்த்துத் திரும்பி, தொண்டைக்குக் குறுக்கே விரலை இழுத்தான்.

காசிமீரோ மெஷினை நிறுத்தினான்.

நிக்கானோர் திரும்பி வந்து பலகையில் ஏறி, இடது காதை அவள் பக்கம் வைத்து உட்கார்ந்தான்.

"ஒங்கம்மாவுக்கு என்ன செஞ்சுச்சு? மொதல்லேருந்து சொல்லு" என்றான்.

அடுத்த வீட்டுப் புல் அன்றைக்கு வெட்டாமலே கிடந்தது.